டிரம் கோர்: அந்த ஐம்பது மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடக்கும் டிரம் கோர் (மைதானத்தில் உருவங்கள் அமைத்து நடந்தபடியே மேளமும் குழலும் வாசிக்கும் குழு) இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் கட்டுரையை வெளியிட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்தக் கலைக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையில் மூன்று குறைகள் சொல்லப்பட்டிருந்தன. மைதானத்தில் ஒழுங்கே தெரியவில்லை, ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள் என்பது ஒன்று. மேளமும் குழலும் சேரவில்லை, தாளம் தப்பிக்கொண்டே இருந்தது என்பது இரண்டு. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்த குழுவை விட்டுவிட்டு வேறொரு குழுவுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள், நடுவர்களுக்குக் காது இல்லையா என்பது மூன்று.

நடுவர்களுக்குக் காது இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் வேறு. மூலையோரமாக, 10 கெஜக் கோட்டுக்கு நேரே, கீழிருந்து மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்ததாகக் கட்டுரையாளரே எழுதியிருக்கிறார். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட குழுவும் கண்டபடி ஓடுவதாகத்தான் தெரியும்; எப்பேர்ப்பட்ட குழுவும் தாளம் தப்பும்.

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிரம் கோர் என்பது பள்ளி பேண்டு கிடையாது. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸஃபோன் எதற்கும் இங்கே இடமில்லை. பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு, இவ்வளவுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்திய முரசு, எக்காளக் குழுக்களின் வழிவந்தது இது. 1971-ல் குழுக்கள் தாங்களே சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. 1972-ல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பை அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. பெரிய குழுவில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். 22 வயதோடு ஆட்டம் முடிந்தது. அதற்கு மேல் உறுப்பினராக முடியாது. மே மாதம் முகாம், ஜூன் கடைசியில் தொடங்கி பேருந்தில் ஊர் ஊராகப் போட்டி, ஆகஸ்டில் வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதி, சனிக்கிழமை 12 குழுக்களோடு இறுதி. 2009 முதல் இறுதி நடப்பது லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்.

இனி இருக்கை விஷயம். அமெரிக்கக் கால்பந்து மைதானம் 100 கெஜம் நீளம், 53 கெஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். ஒவ்வொரு 5 கெஜத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 8 அடிவைப்பில் கடப்பது அடிப்படை நடை. கணக்குப் போட்டால் ஓர் அடிவைப்பு 22.5 அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஆளும் எந்த எண்ணிக்கையில் எங்கே நிற்கவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். '35 கெஜக் கோட்டுக்கு வெளியே 2 அடிவைப்பு, முன் ஹேஷுக்கு முன்னால் 6 அடிவைப்பு' என்ற மாதிரி. (ஹேஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் ஓடும் குறிவரிசை.) இதற்கு 'டாட்' என்று பெயர். ஒரு நிகழ்ச்சிக்கு நூறை ஒட்டிய டாட்கள் ஓர் ஆளுக்கு இருக்கும், எல்லாம் மனப்பாடம்.

இந்த டாட்களை வைத்து உருவங்களை வரைபவர், நடுக்கோட்டுக்கு நேரே மேல் அடுக்கில் இருக்கும் கண்ணை மனதில் வைத்துத்தான் வரைகிறார். அங்கிருந்து பார்த்தால் மைதானம் விரித்த காகிதம். வில் வளைவதும், சதுரம் சாய்சதுரமாக நழுவுவதும், இரண்டு உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அந்தப் பக்கம் சேதாரமில்லாமல் வெளிவருவதும் தெரியும். மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் அதே காகிதம் விளிம்பு மட்டும் தெரியும் தாள். முன்னால் நிற்பவர் பின்னால் நிற்கும் பத்துப் பேரை மறைப்பார். இந்தக் காலத்தில் மேடை, சாய்தளம், சக்கரம் வைத்த பெட்டி என்று தளவாடங்களும் நிறைய. அவை மீதியை மறைக்கும்.

கீழே உட்காருவதில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. முகங்கள் தெரியும், வியர்வை தெரியும், கால் தெரியும். முன்னோக்கி நடக்கையில் குதிகால் முதலில் படிந்து, பாதம் உருண்டு, விரல் கடைசியில் எழவேண்டும். இடுப்புக்கு மேல் உடம்பு தண்ணீர்க் குடம் சுமப்பதுபோல அலுங்காமல் வரவேண்டும். பின்னோக்கிப் போகையில் குதிகால் தரையைத் தொடக்கூடாது. பக்கவாட்டில் போகையில் இடுப்புக்குக் கீழ் போகும் திசையைப் பார்க்க, தோளும் குழல்வாயும் நடுவரைப் பார்த்தே இருக்கவேண்டும். மேளக்காரர்களுக்கு அப்படி உடம்பை முறுக்க வழியில்லை, முன்னால் மேளம் தொங்குகிறது. அதனால் காலைக் குறுக்கே போட்டு நண்டு நடை நடப்பார்கள். ஐந்தாறு பேஸ் டிரம்கள் (பெரிய மந்தர மேளங்கள்) வேகமாக நண்டு நடை போவதைக் கீழிருந்து பார்ப்பது தனி அழகு. இதை ரசிக்க ஒருமுறை கீழே உட்காரலாம். ஆனால் அங்கே உட்கார்ந்து 'உருவம் சரியில்லை' என்று தீர்ப்பு எழுதக்கூடாது.

மேலிருந்து பார்க்கிறவர் பிழையை எங்கே தேடவேண்டும்? வளைவுகளின் முனையில். ஒரு வில் மையத்தைச் சுற்றித் திரும்பும்போது உள்முனையில் இருப்பவர் 10 அங்குல அடி வைத்தால் போதும். வெளிமுனையில் இருப்பவர் 36 அங்குல அடி வைக்க வேண்டியிருக்கும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு என்றால் வெளிமுனைக்காரர் நொடிக்கு 2.7 மீட்டர் போகிறார், அதுவும் மேல் உடம்பு அசையாமல், ஊதிக்கொண்டே. அவர் பாதி அடி குறைத்து வைத்தாலும் வில்லின் நுனி தட்டையாகிவிடும். அடுத்தது நிற்கும் கணம். இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர் கடைசி இரண்டு எண்ணிக்கையில் குறுகிக் குறுகி வைப்பார். மேலிருந்து பார்த்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் நடுங்குவது தெரியும்.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். இதுதான் டிரம் கோரின் உயிர்நாடி, கட்டுரையாளர் தெரியாமலே கைவைத்த இடமும் இதுதான்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மைதானத்தின் பின்கோட்டிலிருந்து முன்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பிட் வரை, அதாவது மரிம்பா (மரக் கட்டைகள்), வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகள்) போன்ற வாத்தியங்களைத் தரையில் வைத்து வாசிக்கும் இடம் வரை, ஏறத்தாழ 50 மீட்டர். பின்னால் அடித்த அடி முன்னால் வந்து சேர 0.146 நொடி பிடிக்கும். அற்பம் என்று தோன்றும். நிமிடத்துக்கு 180 வேகத்தில் ஒரு தட்டின் நீளமே 0.333 நொடிதான், அதன் கால் பங்கு 0.083. ஆக, பின்வரிசை மேளக்காரரும் முன்வரிசை மரிம்பாக்காரரும் ஒரே கையசைவைப் பார்த்து, ஒரே நொடியில், பிசகில்லாமல் அடித்தாலும், கேட்பவர் காதில் பின்னவர் கிட்டத்தட்ட இரண்டு கால் தட்டுகள் பிந்தி விழுவார். இருவரும் சரி, சேர்ந்தால் தப்பு.

இதற்கு ஒரே வழி, முன்னால் இருப்பவர் கண்ணை நம்பாமல் காதை நம்புவது. பிட்டில் இருப்பவர்கள் டிரம் மேஜரின் (மேடையில் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவர்) கையைப் பார்க்கவே மாட்டார்கள். பின்னாலிருந்து வரும் மேளத்தின் சத்தம் தங்கள் காதில் விழும் அந்தக் கணத்தில் அடிப்பார்கள். அப்போது இரண்டு ஒலியும் ஒன்றாகவே பார்வையாளரை நோக்கிப் புறப்படும். 'பின்னால் கேள்' என்பது பிட்டின் முதல் பாடம். பின்னால் இருப்பவர்களுக்கு நேர் எதிரான பாடம்: முன்னாலிருந்து வருவதைக் கேட்காதே. கேட்டு வாசித்தால் அதன் தாமதமும் தன் தாமதமும் சேர்ந்து இரட்டிப்பாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டே இழுபட்டுப் போகும். அவர்கள் கையசைவைப் பார்த்தோ, தங்களுக்கும் பின்னால் ஒலி இருந்தால் அதைக் கேட்டோதான் வாசிக்கவேண்டும்.

சரி, டிரம் மேஜர் யாரை நம்புவார்? அவருடைய காதுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது. காதுக்கு ஏற்பக் கையை ஆட்டினால் ஒவ்வொரு தட்டிலும் வேகம் குறையும். அதனால் அவர் ஸ்நேர் (படபடவென்று ஒலிக்கும் சிறிய மேளம்) வரிசையின் நடு ஆளின் கால்களைப் பார்க்கிறார். கால் தரையில் படும் கணத்தில் கை கீழே வரும். ஒளிக்குத் தாமதம் கிடையாது. மேடையில் நிற்கும் அந்தப் பிள்ளை கம்பீரமாகத் தொலைவை வெறித்துப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் ஒருவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை ஏற்பாடும் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும் காதுக்காகச் செய்யப்பட்டது. இடப்பக்க 20 கெஜக் கோட்டில் ஒரு கூட்டமும் வலப்பக்க 20 கெஜக் கோட்டில் ஒரு கூட்டமும் நின்று ஒரே கணத்தில் ஊதினால் நடுவில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து வரும். மூலையில் இருப்பவருக்கு அருகிலிருப்பது முதலில் வரும். இடையில் 60 கெஜம் இருப்பதால் எதிர்ப்பக்கத்தது 0.16 நொடி கழித்து வரும். கட்டுரையாளர் கேட்ட 'தாளம் தப்பல்' இதுவாகத்தான் இருக்கும். போதாததற்கு லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் கூரை போட்டது. பின்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி கீழ் மூலைகளில் இன்னும் மோசம். அடுத்த முறை இரு பக்க 35 கெஜக் கோடுகளுக்கும் இடையே, மேல் அடுக்கில், எந்த வரிசை கிடைத்தாலும் வாங்கட்டும். மூலையில் முன்வரிசையைவிட நடுவில் கடைசி வரிசை மேல்.

நிஜமாகவே தாளம் தப்புவதும் உண்டு. அதை எப்படிக் கண்டுகொள்வது? நடுவில் இருந்து கேட்கும்போதும் ஒரு பிரிவு கந்தல் துணிபோல் கிழிந்து கேட்டால் அது நிஜம். பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கும்: எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி, யார் கையும் தெரியாத கட்டத்தில்; மேளம் மைதானத்தின் ஒரு கோடியில் ஒதுங்கி, பித்தளை மறுகோடியில் இருக்கும் கட்டத்தில்; மேளம் வாய்மூடிவிட, பித்தளை மட்டும் மெல்லிய ஒலியில் நகரும் கட்டத்தில். மூன்றாவதுதான் கடினம். ஆர்ப்பாட்டமான இடத்தைவிட அந்த மெதுவான இடத்தில்தான் ஒரு குழுவின் தரம் தெரியும்.

மேள வரிசையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு தவறான வரி இருந்தது. பேஸ் டிரம்காரர்கள் 'ஒருவருக்கொருவர் பொருந்தாமல் அடித்தார்கள்' என்று. அவர்கள் ஒன்றாக அடிக்கக் கூடாது! 18 அங்குலத்திலிருந்து 32 அங்குலம் வரை ஐந்து அளவில் ஐந்து மேளங்கள். ஒரு ராகத்தைப் போல ஒரு தாளக் கோவையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஓர் அடி, இரண்டு அடி என்று வாசிப்பார்கள். முதல் ஆள் ஓர் அடி, அடுத்தவர் ஓர் அடி என்று ஐந்து பேர் வழியாக அது சறுக்கிக்கொண்டு இறங்கும். 180 வேகத்தில் ஒவ்வோர் அடிக்கும் இடையே 0.083 நொடிதான். தன் அடியைவிடத் தன் மௌனத்தை எண்ணுவதுதான் இதில் வித்தை. பிழை வருவது எப்போதும் ஒரே விதம்: பயத்தில் ஒருவர் முந்துவார், அடுத்தவர் அவரைக் கேட்டு முந்துவார், படிக்கட்டு சரிந்து குவியலாகிவிடும். சமமான இடைவெளியில் அடிகள் உருண்டு வந்தால் அது சுத்தம். கொத்தாக விழுந்தால் அழுக்கு. ஆம், 'கிளீன்', 'டர்ட்டி' என்றுதான் மேளக்காரர்களே சொல்கிறார்கள்.

ஸ்நேர் வரிசைக்கு அளவுகோல் வேறு. எட்டிலிருந்து பத்துப் பேர், 14 அங்குல மேளம், கெவ்லார் நாரால் ஆன தோல். விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் மேசைமேல் குச்சி விழுவதுபோல ஒலிக்கும். ஒவ்வொரு குச்சியடியும் தனித்தனியாக மேல் அடுக்கு வரை போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே அந்த விறைப்பு. அதன் மறுபக்கம், எதையும் மறைக்க முடியாது. பத்துக் குச்சிகளும் ஒரே உயரத்திலிருந்து இறங்க வேண்டும். 3, 6, 9, 12 அங்குலம் என்று உயரமே எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஃபிளாம் என்ற அடியில் ஒரு குச்சி தோலிலிருந்து ஓர் அங்குலத்தில், மற்றது 12 அங்குலத்தில் இருந்து புறப்பட்டு, சின்ன அடி பெரிய அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் விழவேண்டும். பத்துப் பேரில் ஒருவருடைய சின்னக் குச்சி இரண்டு அங்குலத்தில் இருந்தால் போதும், அந்த மயிரிழை மாறி ஒலி தடிக்கும். கண்ணால் கண்டுபிடிக்க வேண்டுமானால் கையைப் பார்க்காதீர்கள். குச்சிகளின் நுனி மணியைப் பாருங்கள். அவை பத்தும் ஒரே கோட்டில் எழுந்து ஒரே கோட்டில் விழுந்தால் காதுக்கு வேலையே இல்லை.

இதைப் பார்க்க அரங்கத்தைவிட நல்ல இடம், குழுக்கள் உள்ளே போவதற்கு முன் வெளியே சூடுபிடிக்கும் வாகன நிறுத்துமிடம். 'லாட்' என்பார்கள். அரை வட்டமாக மேள வரிசை நிற்கும், தரையில் ஒரு மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி), ரசிகர்கள் நாலு அடி தள்ளி. முதலில் வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி. அதுவே பத்து நிமிடம் போகும். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு கையின் எட்டு அடிக்கும் மறு கையின் எட்டு அடிக்கும் ஒலியில் வித்தியாசம் தெரிகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். தெரியாவிட்டால் அந்த வரிசை அன்று இரவு நன்றாக வாசிக்கும். வாசிக்கத் தொடங்குமுன் எல்லோர் வாயிலிருந்தும் 'டட், டட்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அது தாளத்தை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் தந்திரம். சண்டை மூட்டும் சத்தம் என்று ஒருவர் பயந்துபோனது வேறு கதை.

பித்தளையில் டிரம்பெட், மெல்லோஃபோன், பாரிடோன் அல்லது யூஃபோனியம், தோளில் சாய்த்த ட்யூபா. ட்யூபாவை இவர்கள் கான்ட்ரா என்பார்கள். 1999 பருவம் வரை எல்லாம் ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற எக்காளங்கள். 2000 முதல் எந்தச் சுருதி வாத்தியமும் வரலாம் என்று விதி மாறியது. பழைய ரசிகர்கள் அந்த ஜி பியூகிளின் கிழிக்கும் ஒலியை நினைத்து இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சு இல்லை. சுருதி சேருவது இப்போதுதான் நன்றாக இருக்கிறது.

சுருதியில் ஒரு நுணுக்கம். காற்று சூடானால் குழலின் சுருதி ஏறும். வெறும் கணக்குப்படி 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஊதும் மூச்சே குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் கணிசமாக மாறும். பிட்டில் இருக்கும் வைப்ரஃபோனின் உலோகக் கட்டைகள் அப்படி ஏறுவதில்லை, சூட்டில் இம்மியளவு இறங்கும். சிந்தசைசர் அசையவே அசையாது. பகல் முழுக்க வெயிலில் பயிற்சி செய்து சேர்த்த சுருதி, குளிரூட்டிய அரங்கத்துக்குள் நுழைந்ததும் கலைந்துபோகும். கடைசி நேரத்தில் குழலின் டியூனிங் ஸ்லைடை எவ்வளவு உள்ளே தள்ளுவது என்பதில் ஒரு குழுவின் முதல் இரண்டு நிமிடங்கள் அடங்கியிருக்கின்றன. ஆரம்ப ஒலிக்கோவை புளித்துக் கேட்டு, நாலாவது நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒலி தொடங்குவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், முடிவதைக் கவனியுங்கள். எழுபது எண்பது பேர் ஒரே கணத்தில் நிறுத்தினால் அரங்கத்தின் கூரையில் ஒலி தனியே தொங்கும். ஒருவர் தட்டில் கால் பங்கு நீட்டினால் அந்தத் தொங்கல் அழுக்காகிவிடும்.

இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் மைக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. 2009 முதல் சிந்தசைசர் போன்ற மின்னணு வாத்தியங்களும். மரிம்பாவுக்கு மைக் வைத்தது நல்ல காரியம். அதற்கு முன் 70 பித்தளைக்கு ஈடுகொடுக்கக் கட்டைக் குச்சியால் மரிம்பாவை உடைப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மெத்தென்ற குச்சியால் வாசிக்க முடிகிறது. ஆனால் கீழ் சுரத்தில் சிந்தசைசரைப் போட்டு மொத்த அரங்கத்தையும் அதிரவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது ட்யூபாக்காரர்களுக்குச் செய்யும் துரோகம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கனமான ட்யூபாவைத் தோளில் தூக்கி ஓடிக்கொண்டே கொடுக்கும் மந்தர ஒலி, ஒரு விரல் அழுத்திய பொத்தானுக்குள் மூழ்கிவிடுகிறது. கட்டுரையாளர் 'மார்பு அதிர்ந்தது' என்று பரவசப்பட்டது எந்த ஒலிக்கு என்று சந்தேகமாக இருக்கிறது. சோதிக்க வழி உண்டு: பித்தளைக்காரர்கள் குழலை உதட்டிலிருந்து எடுத்த பிறகும் கீழே ஒரு முழக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அது ஸ்பீக்கர்.

ஒலிபெருக்கி தாமதக் கணக்கையும் குழப்புகிறது. பின்னால் நிற்கும் தனிவாசிப்பாளரின் மைக் ஒலி கம்பியில்லாமல் உடனே முன் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். அவர் வாத்தியத்தின் இயல்பான ஒலி காற்றில் நடந்து பிறகு வரும். அவர் யாரைக் கேட்டு வாசிப்பது? முன்பு ஒவ்வொருவருக்கும் ஒரு தூரம்தான், இப்போது இரண்டு. தனிவாசிப்பு ஒரு கணம் முந்தி, மற்றவர்கள் துரத்துவதுபோல் கேட்டால் குற்றம் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். மைக் பேட்டரி சாவது, கம்பி கழன்றுபோவது, அரங்கத்துக்கு அரங்கம் ஒலிக்கலவை மாறுவது எல்லாம் தனி. கோடை முழுக்க உழைத்த ஒரு வாசிப்பு மிக்சர் பலகையில் ஓர் ஒலியளவுச் சறுக்கியால் கேட்காமல் போவதைப் பார்ப்பது எரிச்சலாக இருக்கிறது.

கலர் கார்டைக் கட்டுரையாளர் 'நடனக் கலைஞர்கள்' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். ஆறடிக் கம்பத்தில் கொடி, மரத் துப்பாக்கி, வாள். துப்பாக்கியை ஐந்து மீட்டர் உயரம் எறிந்தால் திரும்பிக் கைக்கு வர இரண்டு நொடி. 180 வேகத்தில் ஆறு தட்டு. அந்த ஆறு தட்டுக்குள் எறிந்தவர் சுழன்று, தரையில் உருண்டு, எழுந்து வந்து பிடிப்பார். கீழே விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விழாமலே பிழை வரும். பத்துப் பேர் எறிந்த துப்பாக்கிகள் ஒரே உயரத்தில் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா, பிடிக்கும்போது 'டப்' என்று ஒரே ஒலியா, 'டடப்' என்று சிதறியதா என்று கேளுங்கள். ஒருவர் சற்று உயரமாக எறிந்தால் அவர் பிடிப்பது பிந்தும், அதை மறைக்க முடியாது.

இனி மூன்றாவது குறை. 1983 வரை 'டிக்' முறை இருந்தது: நடுவர் ஒவ்வொரு பிழைக்கும் 0.1 கழிப்பார். பிழைக்குப் பயந்து குழுக்கள் எளிதான நிகழ்ச்சியைச் சுத்தமாகச் செய்தன. 1984 முதல் அது போய், எதைச் செய்கிறார்கள், எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்ற இரண்டையும் வைத்து மேல்நோக்கி மதிப்பெண் கட்டும் முறை வந்தது. இன்றைய கணக்கில் மொத்தம் 100. அதில் 40 பொதுத் தாக்கத்துக்கு, 20, 20 என்று இரண்டு பகுதி. காட்சிக்கு 30, இசைக்கு 30. காட்சியில் நடைத் திறன், வடிவமைப்பு, கலர் கார்டு என்று 20 மதிப்பெண் வீதம் மூன்று தாள். கூட்டி இரண்டால் வகுப்பார்கள். இசையில் பித்தளை, இசை ஆய்வு, தாளம் என்று அதே கணக்கு. ஆகவே பித்தளைத் தாளில் கிடைக்கும் 0.1 மொத்தத்தில் 0.05 தான். பெரிய போட்டிகளில் ஒரே பிரிவுக்கு இரண்டு நடுவர்கள் இருந்தால் சராசரி. அதனால்தான் மூன்றாம் தசமம் வருகிறது.

2008-ல் இண்டியானா மாநிலம் புளூமிங்டனில் நடந்த இறுதியில் பேன்டம் ரெஜிமென்ட் குழு 98.125, புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. அந்த முறை கூட்டத்தின் விருப்பமும் தீர்ப்பும் ஒன்றாக அமைந்தன. 1993-ல் கேடட்ஸ் 97.4, ஸ்டார் ஆஃப் இண்டியானா 97.3, ஸ்டாரின் நிகழ்ச்சி அந்த ஆண்டு பல ரசிகர்களுக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் இன்று அதைப் போற்றாத ஆசிரியர் இந்தத் துறையில் அபூர்வம். 2014-ல் புளூ டெவில்ஸ் வாங்கிய 99.650-ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை. இந்த எண்களை அவர்கள் வாங்கியது ஒரு உச்சக் கணத்துக்காக அல்ல. கூட்டம் எழுந்து நிற்பது உச்ச ஒலிக்கும் உயர எறிதலுக்கும்; நடுவர் எழுதிக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய மூன்று நிமிடத்தையும். ஒலிப்பதிவுக் கருவியில் ஓயாமல் பேசிக்கொண்டே பார்க்கிறார்கள். அந்தப் பதிவு குழுவின் ஆசிரியர்களுக்குப் போய், மறுநாள் பயிற்சியில் திருத்தமாகிறது.

நடுவர்கள் தவறே செய்வதில்லை என்று சொல்லவில்லை. நிகழ்ச்சி வரிசை முந்தைய இரவின் மதிப்பெண்ணை ஒட்டி அமைவதால், கடைசியில் ஆடும் குழுவை உயர்ந்த எண்ணோடு எதிர்பார்த்தே உட்காரும் பழக்கம் மனிதருக்கு வராமல் இருக்குமா? முதலில் ஆடும் பன்னிரண்டாவது குழு அன்று இரவு உயிரைக் கொடுத்து வாசித்தாலும் எட்டாம் இடத்துக்குத் தாவுவது அரிது. கட்டுரையாளர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கேட்டிருப்பேன்.

அடுத்த ஆண்டு செய்தி போடும்போது ஒரே ஒரு உதவி செய்யுங்கள். மொத்த மதிப்பெண் பட்டியலை மட்டும் போடாதீர்கள். 'ரீகேப்' என்ற பிரிவுவாரிப் பட்டியலையும் போடுங்கள். ஐந்தாம் இடத்தில் வந்த குழு தாளத்தில் முதலாவதாக இருக்கும், எட்டாவது வந்தது பித்தளையில் மூன்றாவதாக இருக்கும். தாளத்துக்கு ஃபிரெட் சான்ஃபோர்ட் பெயரிலும், பித்தளைக்கு ஜிம் ஓட் பெயரிலும், கலர் கார்டுக்கு ஜார்ஜ் சிங்காலி பெயரிலும் தனி விருதுகள் உண்டு. கோப்பைச் செய்தியில் இவை ஒரு வரியாவது வரவேண்டும். நேரில் போகும் வாசகர்களுக்கு, வியாழக்கிழமைச் சீட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். சனிக்கிழமை பார்க்கவே கிடைக்காத சின்னக் குழுக்கள் அன்றுதான் வாசிக்கும். நிகழ்ச்சி நடக்கும்போது படியில் ஏறி இறங்காதீர்கள். உங்கள் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொண்டிருந்த வில்லின் நுனி அந்த நேரத்தில்தான் தட்டையாகும்.

இப்படிக்கு,
மேல் அடுக்கு, நடுக்கோட்டு வாசகர் ஒருவர்

பி.கு.: கட்டுரை முழுக்க 'டிரம் கார்ப்ஸ்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துக்களும் ஊமை, உச்சரிப்பு 'கோர்'. 'கார்ப்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் பிணம். 12 குழுப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும் முன் திருத்தம் போட்டுவிடுங்கள்.